மலைப்பாதைக் காருக்குத் தோலா, செயற்கை ஸ்வேட்டா?

சேலம் ஃபேர்லாண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே, இரண்டு இருக்கைகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். இருக்கைகளின் தோல் வெடித்துவிட்டதால் குஷன் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் இரண்டு மாதிரித் துண்டுகளைக் கையில் கொடுத்து, "தோலா, அல்கன்டாராவா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று அனுப்பிவிட்டாராம். அல்கன்டாரா என்பது செயற்கை ஸ்வேட்டின் ஒரு வணிகப் பெயர். எது நல்லது, ஏன் நல்லது என்பது வாசகரின் கேள்வி. இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் கத்தரித்துக் கடிதத்தோடு வைத்திருந்தார். ஒரு வாரமாக அவை என் மேசைமேல் கிடக்கின்றன. எழுதுவதற்கு நடுவில் கை தானாக அவற்றைத் தடவிப் பார்க்கிறது.

தோலைப் பற்றி நமக்குப் பெரும்பாலும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுத் தோலின் உடல் கொலாஜன் என்னும் புரதம். மூன்று சரங்கள் கயிறுபோல் முறுக்கிய மூலக்கூறுகள் சேர்ந்து நுண்ணிழையாகி, நுண்ணிழைகள் சேர்ந்து இழைக்கற்றையாகி, கற்றைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பச்சைத் தோல் ஈரத்தில் அழுகும். ஈரத்தோடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் சுருங்கும். இவ்விரண்டையும் தடுப்பதே பதனிடுதல். நம் ஊர்ப்பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை, இன்று உலகில் பெரும்பகுதித் தோலுக்குக் குரோமிய உப்பு செய்கிறது. அது புரதச் சரங்களுக்கு இடையே பாலம்போல் நின்று பிணைப்பதால், குரோமியத்தில் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனால் நாள் முழுவதும் வெயிலில் காயும் காருக்குள் உலர்ந்து சுருங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, கார்த் தோலில் கணிசமான பங்கைக் குரோமியமின்றி ஆல்டிஹைடு வகைப் பொருட்களால் பதனிடுகிறார்கள். மேலே நிறமி கலந்த பாலியூரித்தேன் பூச்சு ஒன்று வரும். தோல் இருக்கையில் உட்காரும்போது நம் உடலைத் தொடுவது பெரும்பாலும் இந்தப் பூச்சுதான்.

ஸ்வேட் என்பது தோலின் உட்புறத்தைத் தேய்த்து இழைமுனைகளை எழுப்பிய வகை. அதைத் தோலே இல்லாமல் செய்து காட்டியவர் ஜப்பானில் டோரே நிறுவனத்தில் பணியாற்றிய மியோஷி ஒகமோட்டோ, ஆண்டு 1970. அமெரிக்காவில் அது அல்ட்ராஸ்வேட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1972இல் இத்தாலியில் தொடங்கிய கூட்டு நிறுவனம் அதே நுட்பத்தில் நெய்யாத துணி ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் வணிகப் பெயர்தான் அல்கன்டாரா. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாலியெஸ்டர், ஒரு பங்கு பாலியூரித்தேன். அந்தப் பாலியெஸ்டர், தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் மொடமொடக்கும் பாட்டிலும், கன்றுக்குட்டியின் காதுபோல் மென்மையான இந்தத் துண்டும் ஒரே பொருள் என்பதை முதலில் மனம் ஏற்க மறுக்கும்.

விடை இழையின் பருமனில் இருக்கிறது. ஒரு கம்பியை வளைக்கத் தேவைப்படும் விசை, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பாதியாக்கினால் வளைப்பது பதினாறு மடங்கு எளிதாகும். ஒரே இழையைப் பதினாறாகப் பிளந்தால் ஒவ்வொன்றின் விட்டமும் நான்கில் ஒன்றாகி, விறைப்பு 256இல் ஒரு பங்காகும். பதினாறையும் சேர்த்துப் பிடித்தாலும் பழைய விறைப்பில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். பொருள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிளந்ததனாலேயே மென்மை வந்துவிட்டது.

எவ்வளவு மெல்லியதாகப் பிளக்க வேண்டும்? சேலம் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறி வைத்திருப்பவர்களுக்கு டெனியர் கணக்குப் புதிதல்ல: 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். பட்டுப்பூச்சிக் கூட்டிலிருந்து வரும் ஒற்றை இழை இரண்டு மூன்று டெனியர் இருக்கும். செயற்கை ஸ்வேட்டின் இழையோ டெனியரில் பத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் விட்டம் மூன்று மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய இழையை உருகிய பிளாஸ்டிக்கிலிருந்து நேரடியாக இழுக்க முயன்றால் பாதியிலேயே அறுந்துவிடும். இழுத்துவிட்டாலும், அடுத்த எந்திரத்தில் சீவும்போது நின்று பிடிக்காது.

இதற்கு ஒகமோட்டோ கண்ட வழிதான் என்னை இந்த ஒரு வாரமும் விடவில்லை. மெல்லிய இழையைத் தடித்த இழைக்குள் ஒளித்து வைத்துவிட்டார். சந்தகை உரலில் அரிசி மாவு மட்டும் போடாமல், ஒவ்வொரு துளை வழியாகவும் பல மாவுச்சரங்கள் கெட்டி வெல்லப்பாகுக்கு நடுவே வருமாறு அமைத்துப் பிழிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வருவது ஒரே தடித்த சரம். குறுக்காக வெட்டினால் பாகுக் கடலில் மாவுத் தீவுகள். அதை எவ்வளவு இழுத்து நீட்டினாலும் தீவுகளும் அதே விகிதத்தில் மெலிந்துகொண்டே போகும். சுற்றிலும் கடல் தாங்கிப் பிடிப்பதால் ஒன்றும் அறுவதில்லை. ஆலையில் தீவு பாலியெஸ்டர், கடல் பாலிஸ்டைரீன். இந்தத் தடித்த இழையைச் சுருளச் செய்து, வெட்டி, சீவி, முள் வைத்த ஊசிகளால் ஆயிரக்கணக்கான முறை குத்திக் கம்பளம்போல் பின்னுகிறார்கள். முரட்டு வேலை எல்லாம் முடிந்தபின் கரைப்பானில் கடலைக் கரைத்துவிடுகிறார்கள். தீவுகள் தனித்தனி இழைகளாக விடுபட்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே பாலியூரித்தேனைப் பஞ்சுபோல் உறையவிட்டு, தகடாக அறுத்து, உப்புத்தாள் போன்ற பரப்பில் தேய்த்து முனைகளை எழுப்பிச் சாயமேற்றுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிறுவயதில் பார்த்த பட்டுச் சாயப்பட்டறைதான் நினைவுக்கு வந்தது. கச்சாப் பட்டு, வைக்கோலைத் தொடுவதுபோல் விறைப்பாக இருக்கும். அந்த இழையைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், செரிசின் என்னும் பசைக்குள் ஃபைப்ராயின் என்னும் இரண்டு புரத இழைகள் அருகருகே கிடக்கும். எடையில் கால் பங்கு வரை பசைதான். முறுக்குவது போன்ற முரட்டு வேலைகளைப் பசையோடு இருக்கும்போதே முடித்துக்கொண்டு, பிறகு சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலை வேகவைப்பார்கள். பசை கரைந்ததும் அதே நூல் கையில் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு தீவு, ஒரு கடல். வெண்பட்டுக்குப் பெயர்போன ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் இந்த வேலையும், ஜப்பானிய ஆய்வகத்தில் பிறந்த அந்த நுட்பமும் ஒரே அறிவியல்தான் என்பதை நம் பள்ளிப் பாடநூல்கள் ஒரு பத்தியிலாவது சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி வாசகரின் காருக்கு வருவோம். ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பத்து மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வந்துவிடும். இருக்கையின் ஓர மேடு தாங்கவில்லை என்றால், உராய்வு மட்டுமே உடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உராய்வுக் கெழு, அதாவது உராய்வு விசைக்கும் அழுத்தும் எடைக்கும் உள்ள விகிதம், அரைக்குக் குறைந்தால் நாம் நகர்வோம். ஒரு பலகையில் இரண்டு துண்டுகளையும் ஒட்டி, பருத்தித் துணி சுற்றிய எடைக்கல்லை வைத்து, பலகையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பூச்சிட்ட தோலிலிருந்து கல் முதலில் வழுக்கியது. ஸ்வேட்டிலோ பலகையை இன்னும் நன்றாகச் சாய்த்த பிறகே நகர்ந்தது. எழுந்து நிற்கும் எண்ணற்ற நுண்முனைகள் பருத்தியின் இழைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்வதே காரணம். எடையும் தோலில் ஏறத்தாழ பாதிதான் என்பதால் பந்தயக் கார்களில் இதை விரும்புகிறார்கள்.

வெயிலிலும் அந்த முனைகளே உதவுகின்றன. இரண்டு கறுப்புத் துண்டுகளையும் மே மாதப் பிற்பகலில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, மணிக்கட்டின் உட்புறத்தால் தொட்டேன். தோல் சுரீரென்றது, ஸ்வேட் சூடாக இருந்தது, ஆனால் கையை இழுக்கத் தோன்றவில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். ஆனால் கை உணர்வது வெப்பநிலையைக் காட்டிலும், வெப்பம் எவ்வளவு விரைவாக நம் சருமத்துக்குள் பாய்கிறது என்பதைத்தான். வழவழப்பான பூச்சு கையோடு முழுப்பரப்பிலும் ஒட்டுகிறது. ஸ்வேட்டோ முனைகளால் மட்டும் தொடுகிறது, இடையில் காற்று நிற்கிறது.

ஆனால் அதே நுண்மை எண்ணெயிடம் தோற்றுவிடுகிறது. இழைகளுக்கு இடையிலான சந்து எவ்வளவு குறுகியதோ, நுண்புழை ஈர்ப்பு அவ்வளவு வலியது. விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதும் இதனால்தான். தோல்மேல் விட்ட ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் முத்தாக நின்றது, துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஸ்வேட்மேல் விட்ட சொட்டு பரவிக் கறுத்த வட்டமாகிவிட்டது; மறுநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சீவாமல் விட்ட தலைபோல் இழைகள் கற்றை கற்றையாக ஒட்டிக் கிடந்தன. பந்தய ஓட்டுநர்கள் கையுறை போடுகிறார்கள். நாம் வெறுங்கையால், வியர்வையோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறோம். சில மாதங்களில் பிடிக்கும் இடம் மட்டும் பளபளத்து வழுக்கத் தொடங்கும். ஆயுத பூஜைக்கு ஸ்டீயரிங்கின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வீடுகளில் தவறாத வழக்கம். குங்குமத்தில் உள்ள மஞ்சளின் நிறமி எண்ணெயில் கரைவது, விரலின் எண்ணெயோடு சேர்ந்து இழைகளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுப்பது மிகக் கடினம். பொட்டைக் கண்ணாடியில் வைத்தால் பூஜைக்கும் குறையில்லை, துணிக்கும் கேடில்லை.

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை இரண்டுமே சுத்தமானவை அல்ல. தோல் பதனிடுதல் பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதை வாணியம்பாடி, ஆம்பூர் மக்கள் அறிவார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது. ஸ்வேட்டின் மூலப்பொருளோ பெட்ரோலியம். தீவுகளைச் சுற்றிய பாலிஸ்டைரீன் கடலைக் கரைக்க நெடுங்காலம் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அண்மைக்காலத்தில் காரநீரில் கரையும் கடல்களும் வந்துள்ளன என்பது ஆறுதல். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தண்ணீரின்றிக் குரோமியம் ஏற்றும் முறையை உருவாக்கியது. இத்தகைய ஆய்வுகளுக்கு ஒதுக்கும் அரசுப் பணம் செலவல்ல, ஆற்றுக்குச் செலுத்தும் கடன் என்பது என் உறுதியான கருத்து. ஆவாரம்பட்டையின் வேதியியலுக்கும் அதில் ஒரு பங்கு போக வேண்டும்.

ஆகவே வாசகருக்கு என் பரிந்துரை இது. இருக்கையில் உடல் அழுந்தும் நடுப்பகுதிக்கும் முதுகுப்பகுதிக்கும் ஸ்வேட் வையுங்கள். ஏறி இறங்கும்போது தேய்கிற ஓர மேடுகளுக்கும் ஸ்டீயரிங்குக்கும் கியர் கைப்பிடிக்கும் தோல். டாஷ்போர்டின் மேற்பரப்புக்கு ஸ்வேட். மரநிழலும் வெயிலும் மாறி மாறி விழும் மலைப்பாதையில், வழவழப்பான டாஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் தெரிந்து கண்ணைக் கூசச் செய்யும், ஸ்வேட் அந்த ஒளியைச் சிதறடித்துவிடும். மாட்டுத் தோல் வேண்டாம் என்று வீட்டில் அம்மா சொல்வதாகக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நியாயமான காரணமாகவே எடுத்துக்கொண்டு, நான் தோல் என்று சொன்ன இடங்களில் பாலியூரித்தேன் பூசிய நல்ல செயற்கைத் தோலைப் போடுங்கள். எண்ணெயைத் தடுப்பது எப்படியும் அந்தப் பூச்சுதான்.

கடைக்காரர் துணியை வெட்டுவதற்கு முன் மட்டும் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். ஸ்வேட்டை உள்ளங்கையால் ஒருபக்கம் தடவினால் வெளுத்தும் மறுபக்கம் தடவினால் கறுத்தும் தெரியும். முனைகள் சாய்ந்திருக்கும் திசை அது. எல்லாத் துண்டுகளின் பின்புறத்திலும் அந்தத் திசையைச் சாக்கட்டியால் அம்புக்குறியிட்டு, ஒரே பக்கம் பார்க்கும்படி வெட்டச் சொல்லுங்கள். ஒன்று மாறினாலும் இரண்டு இருக்கைகளும் இரண்டு நிறமாகத் தெரியும்.