எட்டு ஓவியம் போதும், மீதி மூளையின் பாடு

"என் மகள் ஓயாமல் அனிமே பார்க்கிறாள். நான் பார்த்தால் பாதி நேரம் ஆள் அசையாமல் நிற்கிறான், வாய் மட்டும் திறந்து மூடுகிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் கண்ணில் பட்டது உண்மைதான். அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன், கஞ்சத்தனத்தில் பிறந்த கலை.

சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொன்றையும் கையால் வரைந்தால் வாராவாரம் அரை மணி நேரத் தொடர் கொடுக்கவே முடியாது. ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' அனிமே தொடர் 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்தபோது, ஒரே ஓவியத்தை மூன்று பிரேம்களுக்கு நிறுத்தினார்கள். நொடிக்கு எட்டு ஓவியத்தில் வேலை முடிந்தது. பேசும் காட்சியில் முகம் அப்படியே இருக்க, வாய் மட்டும் மாறும். ஒருமுறை வரைந்த காட்சியைப் பத்திரமாக வைத்து வேறு கதையிலும் ஓட்டினார்கள்.

சரி, எட்டு ஓவியம் எப்படி ஓட்டமாகத் தெரிகிறது? பிம்பம் விழித்திரையில் சற்று நேரம் தங்குவதால்தான் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விளக்கத்தை இன்னும் விடாமல் அச்சடிப்பது எனக்கு எரிச்சல். தங்கினால், ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிய படங்கள்தானே தெரிய வேண்டும்? இரண்டு கோடுகளைச் சட்டென்று மாற்றி மாற்றிக் காட்டினால் ஒரே கோடு நகர்வதாகத் தெரிகிறது என்பதை 1912இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் ஆராய்ந்து எழுதினார். அசைவை உண்டாக்குவது மூளை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1976இல் வெளியானது. இருட்டில் ஓரிடத்தில் சிவப்புப் புள்ளி, உடனே சற்றுத் தள்ளிப் பச்சைப் புள்ளி. பார்ப்பவருக்கு ஒரே புள்ளி நகர்வதாகத் தெரிகிறது. அதுவும் பாதி வழியிலேயே பச்சையாக மாறிவிடுகிறதாம்! பச்சை இன்னும் வரவே இல்லையே, நடுவழியில் எப்படித் தெரிந்தது? மூளை இரண்டாவது புள்ளி வரும்வரை பொறுத்திருந்தோ, வந்தபின் திரும்பிப் போயோ, நடுவில் நடந்ததை எழுதிக்கொள்கிறது. இரண்டில் எது என்ற வாதம் ஓயவில்லை. நாம் நேரடியாகப் பார்ப்பதாக நினைப்பது, திருத்தி எழுதிய பிரதி. இப்படி இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு விளையாட யாராவது இன்று நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே விரட்டிவிடுவோம்.

அனிமேக்காரர்கள் இந்தப் புனைவை நம்பித்தான் ஓவியங்களை மிச்சம் பிடிக்கிறார்கள். பிடித்ததைச் சண்டையிலும் ஓட்டத்திலும் கொட்டுகிறார்கள். அங்கே ஓர் ஓவியத்துக்கு மூன்று பிரேம் என்பது இரண்டாகும், சில நேரம் ஒன்றாகும். அந்த மாற்றத்துக்காகவே காத்திருக்கும் ரசிகர்கள் உண்டு. அசைவு அபாரமாக வரையப்பட்ட இத்தகைய காட்சிகளை 'சகுகா' என்பார்கள்; சகுகா பித்தர்கள் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்து, வரைந்தவர் பெயரையே சொல்லிவிடுவார்கள். அனிமே ஓவியர் யோஷினோரி கனாதாவின் கையை அடையாளம் காண்பது எளிது: இடைப்பட்ட ஓவியங்களை விட்டுவிட்டு, ஒரு முறுக்கிய நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்.

வேகமான காட்சி ஒன்றை நடுவில் நிறுத்திப் பாருங்கள். கை இரண்டு மடங்கு நீண்டிருக்கும், முகம் கோணலாக இழுபட்டிருக்கும். ஓட்டத்தில் அது யாருக்கும் உறுத்துவதில்லை.