காற்றடித்துக் குடலைச் சரிசெய்ய முடியுமா?

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டு ஏழு மாதக் குழந்தைக்குக் குடல் செருகிவிட்டதாம், சேலத்தில் ஆசனவாய் வழியாகக் காற்றடித்தே சரிசெய்துவிட்டார்களாம். ஆபரேஷன் இல்லாமல் இது நடக்குமா?" நடக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் செய்து பார்ப்பதே அதுதான்.

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குவது வலது அடிவயிற்றில். சளியோ வயிற்றுப்போக்கோ வந்துபோன பிறகு, அங்கே குடல்சுவரில் இருக்கும் நிணநீர்த் திட்டுகள் வீங்கியிருக்கும். அது வீக்கமா உணவா என்று குடலுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, துருத்தி நிற்பதைப் பிடித்து முன்னே தள்ளும். தள்ளத் தள்ள அந்தப் பகுதி, கழற்றும்போது சட்டைக்கை உள்ளே மடங்கிக்கொள்கிற மாதிரி, அடுத்த குடலுக்குள் நுழைந்துவிடும். கூடவே ரத்தக்குழாய்களைத் தாங்கும் சவ்வும் உள்ளே போய் நசுங்கும். சிரைகளின் சுவர் மெல்லியது, அதனால் முதலில் அடைபடுவது அவைதான். தமனி மட்டும் ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், திரும்ப வழியில்லாமல் குடல் வீங்கும், கடைசியில் ரத்தமும் சளியும் கலந்து சிவப்பாகக் கொழகொழவென்று மலத்தில் வரும். அதற்காகக் காத்திருக்கவே கூடாது, அது பிந்தி வரும் அறிகுறி.

முதலில் தெரிவது அழுகை. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும், முகம் வெளுக்கும், சில நிமிடத்தில் எதுவுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும், கால்மணி நேரத்தில் மறுபடி. அப்புறம் வாந்தி. சில குழந்தைகள் அழாமல் துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஆபத்துதான். இரண்டு வயதுக்குள்தான் இது அதிகம்.

ஸ்கேனில் வளையத்துக்குள் வளையமாகத் தெரிந்தால் நோய் உறுதி. முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். பிறகு ஆசனவாயில் குழாயை வைத்து, காற்று கசியாதபடி பிட்டத்தை இறுக்கி ஒட்டி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி காற்றை ஏற்றுவார்கள். அழுத்தம் பொதுவாக 120 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாது, அதாவது நாம் பிபி பார்க்கும்போது வரும் மேல் எண் அளவுதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: பெருங்குடலுக்குள் வந்து நிற்கும், செருகிய குடலின் முனை திரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும், சிறுகுடல் வாயிலில் முரண்டு பிடித்து நிற்கும், பிறகு சட்டென்று காற்று சிறுகுடல் முழுக்கப் பரவும். பரவினால் குடல் விடுபட்டது என்று அர்த்தம். குழந்தை முக்கி அழும்போது குடலுக்கு வெளியிலும் அழுத்தம் ஏறுவதால், குடல்சுவர் தாங்கவேண்டிய வித்தியாசம் அந்த நேரத்தில் குறைகிறது. ஆக, அந்த அழுகைகூடக் குடலைக் காக்கிறது! டென்மார்க்கின் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1876-லேயே தண்ணீரைச் செலுத்தி இதைச் செய்ததை எழுதியிருக்கிறார். இன்றும் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்குக் கத்தியே தேவைப்படாது. குடல் ஓட்டையாகியிருந்தாலோ வயிறு கல்லாக இறுகியிருந்தாலோ காற்று கூடாது, நேராக ஆபரேஷன்தான்.

குழாய், பம்பு, அழுத்தமானி எல்லாம் மலிவானவை. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் பார்க்கத் தெரிந்த ஆள்தான் அரிது. புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தாலுகா மருத்துவமனைகளில் அந்த ஆளுக்கு ஒதுக்க வேண்டும் என்பேன்.

நம் ஊரில் குழந்தை வீறிட்டால் உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பதும், எண்ணெய் தடவி வயிற்றை அமுக்குவதும் உண்டு. பாசத்தில் செய்வதுதான், ஆனால் அழுகை தானே விட்டுவிட்டு வருவதால் உருட்டியதும் சரியானது போலத் தோன்றும், அதற்குள் பல மணி நேரம் போய்விடும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வரவேண்டும் என்பதை நினைத்து, சந்தேகம் வந்தவுடனே 108-ஐக் கூப்பிடுங்கள், வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள்.

பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அது வேறு அவசரம்: குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதற்குக் காற்று உதவாது, உடனே அறுவை சிகிச்சைதான்.

காற்றில் சரியான குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மறுபடி செருகும், பலருக்கு முதல் இரண்டு நாளிலேயே. அப்படி வந்தாலும் பெரும்பாலும் மீண்டும் காற்றே போதும்.