தடைக்காலத்திலேயே பிரஷர் பார்த்துடுங்க

சென்னை காசிமேடு மீனவர் பகுதியில் சுகர், பிரஷர் இருக்கிற ஆண்களைப் பிடிப்பதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற எங்களுக்குப் பெரிய வேலை. 2021 ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு, மகளிர் குழு அக்கா ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல ஏற்பாடுதான், டாக்டரிடம் மறைப்பதைக்கூட அவரிடம் சொல்லிவிடுவார்கள். ஆனால் கதவைத் தட்டினால் இருப்பது அம்மாவும் ஆயாவும். வீட்டு ஆம்பளை கடலில்.

அதனால்தான் முகாம் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். விசைப்படகெல்லாம் கரையில், ஆட்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பார்கள். பேனர் கட்டி முகாம் போட்டால் வரமாட்டார்கள். வலைக்குப் பக்கத்திலேயே மெஷினோடு போய், அவர்கள் மதிக்கிற பெரியவர் ஒருவரை முதலில் உட்காரவைத்தால் மற்றவர்கள் கிண்டலடித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். பீடி, டீ முடித்த கையோடு பார்க்க வேண்டாம், அரை மணி நேரம் கழித்து, 5 நிமிடம் சும்மா உட்காரவைத்துப் பாருங்கள். ஒரு நாள் மேல் அளவு 150 காட்டியதும் பிரஷர் என்று முடிவு கட்டாமல் இன்னொரு நாளும் பார்க்கணும், தடைக்காலத்தில் அதற்கு நேரம் இருக்கிறது. (கருவாட்டை விடு என்று காசிமேட்டில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஊறவைத்து நன்றாக அலசிவிட்டு, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.)

சரி, ஜூனில் படகு கிளம்பும்போது? கடலுக்குப் போகிறவர்களே, மாத்திரையைப் போகிற நாள் கணக்குக்கு மேல் நாலு நாளுக்குக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். கடலில் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்வது வலைதான். கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வலை இழுத்தால் சுகர் இறங்கிக் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், ஆள் தடுமாறி விழலாம். ஆகவே சோறு தட்டில் விழட்டும், அப்புறம் மாத்திரை. இவருக்குச் சுகர் இருக்கு, இப்படி ஆனால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடு என்று படகில் கூட வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வெட்கப்பட்டு மறைத்தால் ஆபத்து. இன்சுலினை மீன் ஐஸுக்குள் புதைக்காதீர்கள், உறைந்துபோனது உருகினாலும் உதவாது.

பாதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுகரால் மரத்துப்போன பாதத்தில் மீன் முள் ஏறினாலும் தெரியாது, நாள் முழுக்க ஈரத்தில் நின்றால் புண் வேறு. கரைக்கு வந்ததும் வீட்டில் யாராவது டார்ச் அடித்து உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் பார்த்துவிடுங்கள். புண் இருந்தால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் அன்றைக்கே பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துடுங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் என்றால் சீட்டு எழுதித் தருவோம்.