இமை தொங்கினால் அழகு மட்டுமா போகிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து என்னிடம் கண் காட்ட வருகிறவர்களில் இமை தொங்குவதற்காகவே வருகிறவர்கள் குறைவு. கண்புரைக்கோ, சுகருக்காக விழித்திரை பார்க்கவோ வந்த இடத்தில்தான் அது என் கண்ணில் படும். கேட்டால், "இந்த வயசுல அழகு பார்த்து என்ன செய்யப் போறேன்?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இமை ஆபரேஷன் என்றாலே சினிமாக்காரர்கள் சமாச்சாரம் என்ற எண்ணம் நம் பக்கம் ஊறிப்போயிருக்கிறது. அதனால் பார்வையில் மேல்பக்கம் மறைந்துகொண்டே வருவது பலருக்கும் உறைப்பதில்லை.

பனையோலையில் கொட்டான் முடைகிற ஓர் ஆச்சி வந்தார். சாயங்காலமானால் புருவத்துக்கு மேலே தலைவலி, கண்ணாடியை மாற்றியும் தீரவில்லை. பேசும்போதெல்லாம் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கியபடியே இருந்தார். புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கச் சொன்னேன். மேல் இமைத் தோல் இமைமயிரைத் தாண்டிச் சரிந்து, கண்மணியில் பாதியை மூடிவிட்டது. அதுவரை அந்தத் தோலைத் தூக்கிப் பிடித்திருந்தது நெற்றித் தசைதான். பொழுதெல்லாம் அந்த வேலை பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

சுற்றிலும் விளக்குப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்லும் பார்வைப் பரப்புச் சோதனையை இரண்டு தடவை செய்தோம். முதலில் அப்படியே. அடுத்து, தொங்கும் தோலைப் பிளாஸ்திரியால் மேலே தூக்கி ஒட்டிவிட்டு. இரண்டாவது தடவை பட்டனை அழுத்திக்கொண்டே கேட்டார்: "முதல்ல மேல் பக்கம் விளக்கே போடலையா தம்பி?"

இமை தொங்குவதில் இரண்டு வகை உண்டு. வயதால் தோல் தளர்ந்து மடிந்து விழுவது ஒன்று. இமையைத் தூக்கும் தசையோ அதன் நாரோ தளர்ந்து, இமையின் விளிம்பே கீழே இறங்குவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தும் வரும். நேராகப் பார்க்கும்போது கருவிழியின் நடுவில் விழும் டார்ச் வெளிச்சப் புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது 2-க்கு வந்துவிட்டால் பார்வை மறைகிறது என்று கொள்ளலாம். தசை தளர்ந்தவருக்குத் தோலை மட்டும் வெட்டி எடுத்தால் காசுதான் செலவாகும், இமை எழாது. ஸ்கேலை வைத்து அளக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கிறவரிடம் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாத் தொங்கலும் வயதால் வருவதில்லை. திடீரென ஒரு பக்க இமை விழுந்து, கூடவே தலைவலியோ, ஒன்று இரண்டாகத் தெரிவதோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்துவதாகவும் இருக்கலாம். காலையில் சரியாக இருந்து மாலையில் தொங்கினால் நரம்பு-தசை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்ப்புறத்துக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, இரண்டு இமையையும் தூக்க முடியவில்லை என்றால், கட்டுவிரியன் கடித்திருக்கலாம். பல் பட்ட தடம் தெரியாமலே போகும். தடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். பிறவியிலேயே இமை தொங்கும் குழந்தையையும் 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவைக்கக் கூடாது. மூடிய கண் பார்க்கப் பழகாமல் சோம்பேறிக் கண்ணாகிவிடும்.

அறுபது வயது சாந்தி கல்யாணத்துக்கு முன் முகம் களையாக இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தூங்கி வழிகிற மாதிரி தெரிந்த முகம் தெளிந்துவிட்டால் நாலு பேர் முன்னால் நிற்கவே ஒரு தெம்பு வரும். கீழ் இமையில் பை மாதிரி தொங்கும் கொழுப்பையும் சரிசெய்யலாம். ஆனால் தோலின் கருவளையம் போகாது, சிரிக்கும்போது விழும் ஓரச் சுருக்கம் போகாது, கண்ணாடி பவரும் குறையாது. "இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் இணங்குவதில்லை. புருவத்துக்கும் இமைமயிருக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் தூக்கத்தில் கண் மூடாமல், கருவிழி காய்ந்து புண்ணாகும். ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்கள் இதை இன்னும் யோசித்துச் செய்ய வேண்டும்.

பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டே செய்கிறோம். ஒரு மணி நேர வேலை. தசையைச் சரிசெய்யும்போது நடுவில் எழுப்பி உட்காரவைத்து, இரண்டு இமையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். படுத்த நிலையில் கண் ஏமாற்றிவிடும். வெட்டுத்தழும்பு இமை மடிப்புக்குள் மறைந்துகொள்ளும். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையணையை உயர்த்திப் படுப்பது, ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு. கன்றிய நிறம் மறைய இரண்டு வாரம் ஆகும், அதனால் விசேஷத்துக்கு முந்தின வாரம் வந்து நிற்காதீர்கள். அன்றிரவே கடுமையான வலி வந்து பார்வை மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அது அபூர்வம், ஆனால் கண்ணையே பறித்துவிடும்.

அழகுக்காகச் செய்வதற்கு இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. பார்வை மறைக்கிறது என்றால் பார்வைப் பரப்புச் சோதனையின் இரண்டு தாள்களையும் போட்டோவையும் கேட்டு வாங்கி முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

முதல் தடவை வரும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோ ஒன்றும் வேண்டும். இமை எப்போதிலிருந்து இறங்க ஆரம்பித்தது என்பதை அதை வைத்துத்தான் நான் கணிப்பேன்.