பட்டினி கிடக்காதவருக்கும் அல்சர் வரும்

"நான் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லையே டாக்டர், எனக்கு எப்படி அல்சர் வரும்?" என்று கேட்டார் அந்த அம்மா. வயது அறுபதைத் தாண்டியவர். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றுதான் மகன் அழைத்து வந்திருந்தார். வயிற்று வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 6. மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "கொஞ்ச நாளா தார் மாதிரி கருப்பாப் போகுது. சத்து மாத்திரை சாப்பிடுறதால இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

ரத்தம் ஏற்றிவிட்டு எண்டோஸ்கோப்பி செய்தோம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு புண், அதில் ரத்தம் கசிந்த தடம். காரணம் அவருடைய கைப்பையிலேயே இருந்தது. முட்டி வலிக்காக மருந்துக் கடையில் கவரில் போட்டுத் தரும் 'செட்' மாத்திரை. மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார்.

அவர் கேட்ட கேள்வியை வாரத்தில் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல, அமிலம் எப்படிச் சுரக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீர் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறை கழுவ விற்கிறார்களே, அதே வேதிப்பொருள்தான், அடர்த்திதான் வேறு. இரைப்பைச் சுவரில் உள்ள சில செல்கள் இதைத் தயாரிக்கின்றன. அவற்றுக்கு மூன்று வழிகளில் உத்தரவு வரும். ரசம் தாளிக்கும் வாசனை வந்தாலே மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக ஒன்று. உணவு இரைப்பைக்குள் வந்ததும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் மூலம் இன்னொன்று. பக்கத்துச் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின் மூன்றாவது. மூன்றும் கடைசியில் போய்த் தட்டுவது ஒரே கதவை. அதுதான் புரோட்டான் பம்பு. பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். செல்லுக்குள் இருப்பதைப்போல் சுமார் பத்து லட்சம் மடங்கு அடர்த்தி வரும்வரை தள்ளும்! உடம்பில் இப்படி உழைக்கும் பம்புகள் குறைவு.

சாப்பாடு செரித்து, அமிலம் போதுமான அளவு வந்ததும் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் பிரேக் போடும். ஆகவே நீங்கள் சாப்பிடாத நேரத்தில் அமிலம் குடம் குடமாகச் சேர்ந்துகொண்டே போவதில்லை, சுரப்பு குறைகிறது. அப்படியானால் பட்டினி கிடந்தால் வயிறு எரிகிறதே? அது பொய்யில்லை. முன்சிறுகுடலில் ஏற்கெனவே புண் இருப்பவருக்கு வயிறு காலியானதும் வலிக்கும், இரண்டு இட்லி சாப்பிட்டால் அடங்கும், நடுராத்திரியில் எழுப்பிவிடும். புண் இருப்பதால் பசியில் வலிக்கிறது. பசித்ததால் புண் வந்தது என்று நாம் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டோம். மிளகாய்க் காரத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இரண்டு பேர். முதல் ஆள் வலி மாத்திரை. இரைப்பைச் சுவரை அதன் அமிலத்திடமிருந்தே காப்பது சளிப்படலமும், அதற்குள் இருக்கும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும். அந்தப் படலத்தைப் பராமரிக்க புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் தேவை. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன. முட்டியில் வலியைக் குறைக்கும் அதே செயல், இரைப்பையில் காவலைக் கலைத்துவிடுகிறது. 'செட்'டில் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வயதானவர்களுக்கு வலியே தெரியாமல் நேரடியாக ரத்தக் கசிவில் போய் முடிவதும் உண்டு.

இரண்டாவது ஆள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, அமிலத்துக்கு நடுவே தனக்கொரு குடை பிடித்துக்கொண்டு வாழும். பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை. ஆனால் புண் வந்தவரிடம் இதைத் தேடாமல் விடக்கூடாது. இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அறிவித்துவிட்டது.

இது தெரியாத காலத்தில் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எவரெஸ்ட் ஏறப் போன 1922, 1924 குழுக்களில் இருந்த சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் பல்லாண்டு பணியாற்றினார். அன்று நம் பக்கத்தில் முன்சிறுகுடல் புண் மிக அதிகம், அதற்காக அவர் நிறையப் பேருக்கு அறுவை செய்தார். இரைப்பையைத் திறந்து குடலோடு இணைத்துத் தைப்பதுதான் அன்றைய வைத்தியம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை 1982-ல் வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அன்று கத்தி எடுத்த நோயை இன்று பெரும்பாலும் இரண்டு வார மாத்திரையில் குணமாக்குகிறோம்.

அந்த மாத்திரையைத்தான் நிறையப் பேர் தப்பாகச் சாப்பிடுகிறார்கள். ஓமிப்ரசோல், பான்டோபிரசோல் எல்லாம் புரோட்டான் பம்பையே பூட்டுபவை. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அவற்றால் பூட்ட முடியும். பம்பு ஓடுவது சாப்பிடும்போது. அதனால் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்டபின் எரிகிறதே என்று போட்டால் பலன் குறைந்துவிடும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும். கிருமி இருந்தால் இதோடு ஆன்டிபயாடிக்குகளும் சேரும், பொதுவாக 14 நாள். ஐந்தாம் நாள் வலி போய்விட்டது என்று நிறுத்துபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. மிஞ்சிய கிருமிக்கு அடுத்த முறை அந்த மருந்து கேட்காமல் போகலாம். முடித்து நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரையையும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கும் கிருமியும் இல்லை என்று வரும்.

கருப்பு மலம், காப்பித்தூள் போல வாந்தி, திடீரென்று வயிறு பலகையாக இறுகும் கடும் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மார்பை அழுத்தி வியர்த்துக் கொட்டினால் அதை 'கேஸ்' என்று சோடா குடித்துப் பார்க்காதீர்கள், முதலில் இசிஜி. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

அந்த அம்மாவின் புண்ணில் எடுத்த சதைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை. எட்டு வாரம் மாத்திரை கொடுத்து மறுபடி பார்த்தபோது தழும்பு மட்டும் இருந்தது. இரைப்பைப் புண் என்றால் இந்த இரண்டாவது எண்டோஸ்கோப்பியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. "அப்போ முட்டி வலிக்கு என்ன செய்யுறது?" என்றார். நியாயமான கேள்வி. பூசும் மருந்தும், தேவைப்பட்டால் அளவோடு பாராசிட்டமாலும் எழுதிக் கொடுத்தேன். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதை விட்டு நாற்காலிக்கு மாறியிருக்கிறார். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் படி ஏறும்போது இப்போது மூச்சு வாங்குவதில்லை.