தலைக்காயம் ஆறிய பிறகும் பிள்ளை ஏன் இப்படிக் களைத்துப் போகிறது?

தையல் பிரித்தாயிற்று, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். காலையில் பழையபடி சிரித்துப் பேசுகிற பிள்ளை, மதியத்துக்கு மேல் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அலறி அழுகிறது, செருப்பைப் போடு என்றால் நின்று முழிக்கிறது. பிடிவாதம், செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தலையில் பலமாக அடிபடும்போது மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கி, முறுக்கிக்கொள்கிறது. அதில் நரம்பணுக்களை இணைக்கும் ஆக்சான் என்ற மெல்லிய நீண்ட இழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. இந்தச் சேதம் அங்கங்கே பரவிக் கிடப்பதால் சிடி ஸ்கேனில் பல நேரம் தெரியவே தெரியாது. மெயின் ரோடு அடைபட்டால் வண்டிகள் சந்து சந்தாகச் சுற்றிப் போவது போல, செய்திகள் வேறு வழிகளில் போகின்றன. போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் நேரமும் ஆகும், செலவும் கூடும். ஐந்து வயதுக் குழந்தையின் உடல் செலவிடும் ஆற்றலில் 40 சதவீதத்துக்கு மேல் ஏற்கனவே மூளைக்குத்தான் போகிறது. அதற்கும் மேல் இந்தச் சுற்றுவழிச் செலவு என்றால் மதியத்தில் பிள்ளை துவண்டுபோவதில் ஆச்சரியம் என்ன?

அதனால் ஓய்வைக் களைப்பு வருவதற்கு முன்பே கொடுங்கள். படிப்பு, பயிற்சி எல்லாம் தெம்பாக இருக்கும் நேரத்தில் முடியட்டும். பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் வேண்டாத சத்தத்தை ஒதுக்குவதும் மூளைக்கு ஒரு வேலைதான்.

முழித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. ஒரு வேலையைத் தொடங்குவது, வரிசைப்படுத்துவது, கோபத்தை அடக்குவது எல்லாம் அதன் பொறுப்பு, அடிபடுவதிலும் அதற்குத்தான் அதிக ஆபத்து. 'பல் தேய்ச்சுக் குளிச்சு டிரஸ் போட்டுக்கிட்டு வா' என்பது மூன்று கட்டளை, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தினமும் ஒரே வரிசையில் செய்தால் அது பழக்கமாகிவிடும், பழக்கத்தைப் பார்த்துக்கொள்வது மூளையின் ஆழத்தில் இருக்கும் வேறொரு பகுதி என்பதால் முன்மூளையின் பாரம் குறையும். சுவரில் படமாக ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது.

நினைவாற்றல் பாதித்திருந்தால், 'யோசிச்சுச் சொல்லு பார்ப்போம்' என்று சோதிக்க வேண்டாம். ஊகித்துச் சொன்ன தப்பான பதிலே மனதில் பதிந்துவிடும், அது தப்பு என்று திருத்தியது மறந்துபோகும். நினைவாற்றல் இழந்த பெரியவர்களிடம் பேட்லி, வில்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1994-இல் காட்டியது இதைத்தான். சரியான பதிலை முதலில் நீங்களே சொல்லிவிட்டு, அப்புறம் அந்த உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பியும் எழாத தூக்கம் என்றால் மேலே சொன்ன யோசனைகள் செல்லாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சின்ன வயதில் அடிபட்டால் சீக்கிரம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வலுப்பட்டதற்கு 1930-களில் மார்கரெட் கென்னார்ட் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளில் செய்த ஆய்வுகள் ஒரு காரணம். பின்னால் வந்த ஆய்வுகள் அதை முழுதாக ஏற்கவில்லை. முன்மூளை முதிர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டிவிடும், ஆகவே நாலு வயதில் பட்ட அடியின் விளைவு, பாடத்தைத் தானே திட்டமிட்டுப் படிக்க வேண்டிய பன்னிரண்டு வயதில்தான் வெளியே தெரியக்கூடும். அதற்குள் பழைய காயத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் புது வகுப்பாசிரியரிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும், மார்க் நன்றாக இருந்தாலும் கூட.