கப்பல்புழு கற்றுக்கொடுத்த சுரங்கம்

காசிமேட்டில் மரப்படகு வைத்திருப்பவர்களுக்குக் கப்பல்புழு தீராத தலைவலி. மட்டி, சிப்பி இனத்தைச் சேர்ந்த இந்த உயிர், தலையிலுள்ள இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தைச் சுரண்டியபடி உள்ளே போகும். குடைந்துகொண்டே போகும்போது, பின்னாலேயே துளையின் சுவரில் சுண்ணாம்புப் பூச்சும் பூசிவிடும்.

இதைக் கவனித்த மார்க் புருனெல் என்ற பொறியாளர், 1818-இல் சுரங்கம் தோண்டும் இரும்புக் கவசம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1825-இல் லண்டன் தேம்ஸ் நதிக்கடியில் வேலை தொடங்கியது. முதலில் கரையில் 50 அடி அகலத்துக்கு வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணை எடுக்க எடுக்க அது தன் எடையாலேயே கீழிறங்கியது. நம்மூர் உறைகிணறு இறங்குவதும் இப்படித்தான்.

அடியில் கவசம் நின்றது: 36 அறைகள், அறைக்கு ஓர் ஆள். எதிரே மண்ணைத் தாங்கும் பலகைகள். ஒரு பலகையை மட்டும் எடுத்து, சில அங்குலம் தோண்டி, உடனே முன்னால் தள்ளிப் பொருத்துவார்கள். மண் சரிய இடமே கொடுப்பதில்லை, அதில்தான் சூட்சுமம். எல்லாம் முன்னேறியதும் திருகு ஜாக்கிகள் பின்னாலுள்ள செங்கல் கட்டுமானத்தில் முட்டுக்கொடுத்துக் கவசத்தை நகர்த்தும். காலியான இடத்தில் கொத்தனார்கள் கட்டிக்கொண்டே வருவார்கள்.

தண்டையார்பேட்டைக்கு அடியில் மெட்ரோ பாதை போட்ட எந்திரத்துக்கும் இதுவே அடிப்படை. ஆள் இருந்த இடத்தில் சுழலும் வெட்டுத்தலை, செங்கலுக்குப் பதில் கான்கிரீட் வளையத் துண்டுகள். கடலோரத்து ஈரமண் உள்ளே பிதுங்காதபடி முகப்பில் எதிரழுத்தமும் கொடுக்கிறார்கள்.

புருனெலிடம் அந்த எதிரழுத்தம் இல்லை. நதி பலமுறை உள்ளே புகுந்தது. 1828 ஜனவரியில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். பணமும் தீர்ந்து, வேலை ஏழு வருடம் நின்றது. இன்று அங்கே போகிறவர்கள் அந்த ஆறு பேரையும் நினைக்க வேண்டும்.

1843 மார்ச் 25-இல் திறந்தபோது வண்டிகளுக்குச் சாய்தளம் கட்டப் பணமில்லை. ஒரு பென்னி கொடுத்து நடந்து பார்க்கவே கூட்டம் அலைமோதியது. 1869 முதல் அதில் ரயில் ஓடுகிறது. லண்டன் போகிறவர்கள் ராதர்ஹித்தில் உள்ள புருனெல் அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய உறைக்குள்ளேயே இறங்கலாம். பிறகு ரயிலேறி அக்கரை வாப்பிங் நிலையத்தில் இறங்கி, நடைமேடையின் நதிப்பக்கக் கோடிக்குப் போங்கள். குதிரைலாட வடிவில் இரட்டைச் சுரங்க வாய்கள் தெரியும்.